சோப்பு டப்பாவில் ஓர் உயிர்!

செல்போன் அலறியது!

மணிமேகலையின் போன்தான். அந்த ரிங்டோன் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் எடுக்க முடியவில்லை.

போன் ஷட்டருக்கு அந்தப் பக்கம். அவள் இந்தப் பக்கம்!

"யோவ்... போனைக் குடுய்யா! ஷட்டரைத் தெற!"

இரண்டு கையாலும் ஷட்டரை அறைந்தாள். தகரம் அதிர்ந்தது. வெளியே ஒரு செருப்புச் சத்தம் நகர்ந்தது. ரிங்டோனும் அதோடு சேர்ந்து நகர்ந்து, தேய்ந்து, நின்று போயிற்று.

யாரோ எடுத்துவிட்டார்கள். யாரோ என்ன யாரோ... அவளை உள்ளே வைத்துப் பூட்டிய குப்புராஜ்தான்!

சற்று நேரத்தில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"டீச்சர்..."

குரலில் அப்படி ஒரு பணிவு. பத்திரிகை வைக்க வந்தவன் மாதிரி.

"பேசினது உங்க வூட்டுக்காரருங்க. கவலைப்படாதீங்க, நல்லபடியா சொல்லிட்டன். 'டீச்சர் வந்தாங்க, பையை மறந்து வெச்சிட்டு சேலம் பஸ் ஏறிட்டாங்க'ன்னு சொன்னன். 'அப்படிங்களா, சரிங்க'ன்னு போனை வெச்சிட்டாரு. தங்கமான மனுசன்!"

"பாவி! என்னை எதுக்குடா அடைச்சு வெச்சிருக்கே?"

"நீங்கதான டீச்சர், குடோனைப் பாத்தே ஆகணும்னு நின்னீங்க? பாருங்க. நல்லாப் பாருங்க. நாளைக்கு விடிஞ்சா எனக்கு முகூர்த்தம். இன்னிக்கு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. முப்பத்தெட்டு வயசுல இப்பதான் ஒரு பொண்ணு அமைஞ்சிருக்கு. இந்த நேரத்துல நீங்க போலீசு, கலெக்டர் ஆபீசுன்னு போனா நல்லாவா இருக்கும்? கல்யாணம் முடியட்டும். நாளன்னிக்கு வந்து தெறந்து விடறன்."

நாளன்னிக்கு!

மணிமேகலை மறுபடியும் ஷட்டரை அறைந்தாள்.

"டேய், எனக்கு சுகர்டா! ஊசி போடலைன்னா நாளைக்கே செத்துருவன்! மருந்து அந்தப் பையிலதான் இருக்கு. பையை மட்டுமாவது குடுத்துட்டுப் போ!"

வெளியே சிரிப்பு.

"மருந்தா? என்னாங்க டீச்சர்... உள்ளதான் பெட்டி பெட்டியா அடுக்கி வெச்சிருக்கனே. எடுத்துப் போட்டுக்கங்க!"

கார் கிளம்பியது. நெடுஞ்சாலையில் லாரிகளின் இரைச்சலோடு கலந்து காணாமல் போனது.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பள்ளியொன்றில் மணிமேகலை விளையாட்டு டீச்சர். நாள் முழுக்கக் கபடி கற்றுக்கொடுக்கிற உடம்பு. ஆனால் அந்த உடம்பில் இன்சுலின் சொட்டுக்கூடச் சுரக்காது. பத்தாம் வகுப்பில் வந்த நோய். மாத்திரைக்கு மசியாத ரகம். ஊசியில் ஏற்றினால்தான் உயிர்.

ஒரு முழு நாள் ஊசி இல்லையென்றால்? முதலில் தாகம். அப்புறம் வாந்தி. அப்புறம் மயக்கம்.

அப்புறம்... அப்புறம் ஒன்றும் இல்லை!

நேற்று ராத்திரி போட்டதுதான் கடைசி. வீட்டில் மருந்து தீர்ந்துவிட்டது. காலையில் வெறும் வயிற்றோடு தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் புது மருந்து வாங்கினாள். கையோடு ஊசியைப் போட்டுக்கொண்டு இரண்டு இட்லி தின்றிருக்கலாம். 'முதலில் அந்த ஆளைப் பிடிக்கணும், அப்புறம்தான் ஊசி, டிபன் எல்லாம்' என்று கோபத்தோடு அதியமான்கோட்டைக்குக் கிளம்பி வந்தாள். கோபத்துக்குக் கண் தெரிந்தால்தானே!

அந்தக் கோபத்துக்கு ஒரு பெயர் இருந்தது. செல்லி.

பதினோராம் வகுப்பு. பள்ளிக் கபடி டீமின் முதல் ரெய்டர். அவளுக்கும் இதே நோய். விளையாட்டுச் சாமான் அறையில் டீச்சரும் மாணவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்வார்கள். "நாம ரெண்டு பேரும் தனி டீம், டீச்சர்" என்று சிரிப்பாள்.

போன வாரம் செல்லி செத்துப் போனாள்.

"ஒரு வேளைகூட ஊசி தப்பலைங்க டீச்சர்..." செல்லியின் அம்மா தீர்த்தம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்கிறவள். "பெரியாஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் வேலை போவுதுன்னு கடையில பாதி வெலைக்கு வாங்கினன். என் கையாலதான் போட்டு வுட்டன். போட்டுக்கிட்டேதான் இருந்தன்... தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே போயிருச்சே எம் புள்ள!"

ஊசி தப்பவில்லை. ஆனாலும் பிள்ளை செத்திருக்கிறது. என்றால், தப்பு மருந்தில்!

கடைக்காரரைப் பிடித்து உலுக்கினாள். அவர் கை காட்டிய ஆள் குப்புராஜ். சுற்று வட்டாரத்துக் கடைகளுக்கெல்லாம் இன்சுலின் சப்ளை செய்கிற ஏஜென்ட். நேரே வந்து, "குடோனைக் காட்டு" என்றாள். "தாராளமா" என்று ஷட்டரைத் தூக்கியவன், அவள் உள்ளே காலை வைத்ததும் தோள் பையைப் பிடுங்கிக்கொண்டு இறக்கிப் பூட்டிவிட்டான்!

இப்போது குடோனைப் பார்த்தாள். பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லையே!

தகரக் கூரை. மேலே கத்திரி வெயில். அடுப்பில் ஏற்றிய சட்டிக்குள் இறங்கிய மாதிரி இருந்தது.

கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். ஒன்றைக் கிழித்தாள். இன்சுலின். அடுத்ததைக் கிழித்தாள். அதுவும் இன்சுலின். குளிர்ச்சியில் வைக்கச் சொல்லிப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. இங்கே ஒரு ஃபிரிட்ஜைக் காணோம். ஒரு மின்விசிறியைக்கூடக் காணோம்!

பாட்டிலில் தேதிக்கு மேல் ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினாள். அடியில் வேறு தேதி பல்லைக் காட்டியது. எப்போதோ காலாவதியான தேதி.

குப்பைக்குப் போக வேண்டிய சரக்கு... அதுவும் வெயிலில் வெந்த சரக்கு! இன்சுலின் வெந்துபோனால் வீரியம் செத்துவிடும். பார்த்தால் தெரியாது. நல்ல மருந்து மாதிரியே இருக்கும்.

"செல்லி..." என்று வாய்விட்டு அழுதாள் மணிமேகலை. "இதைத்தான்டி உனக்குப் போட்டாங்க!"

சுவரின் உச்சியில் ஒரு காற்றுத் துவாரம். அதன் வழியே விழுந்த வெயில் பெட்டிகளின் மேல் மெல்ல ஊர்ந்தது. மதியம் சாய்ந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தாகம்!

வந்துவிட்டது. முதலாவது வந்துவிட்டது.

சிரிஞ்சும் பெட்டி பெட்டியாக இருந்தது. ஒன்றைப் பிரித்தாள். வெந்த மருந்துதான். ஆனால் கொஞ்சமாவது... துளியாவது வேலை செய்தால்?

போட்டாள். காத்திருந்தாள். வெயில் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தது. தாகம் அடங்கவில்லை. இன்னும் ஏறியது. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாவதும் வந்துவிட்டது!

சுற்றிலும் மருந்து. ஒரு ஊருக்கே போதுமான மருந்து. நடுவில் அவள் மருந்தில்லாமல் சாகப் போகிறாள். நாளன்னிக்கு ஷட்டரைத் திறந்து, 'ஐயோ பாவம், சுகர் ஏறிச் செத்துட்டாங்க' என்பான் குப்புராஜ். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. எந்த டாக்டர் பார்த்தாலும் நோய் கொன்றது என்றுதான் எழுதுவார்!

சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தபோதுதான் அதைப் பார்த்தாள்.

மூலையில், மேஜைக்கு அடியில், ஒரு மண் பானை. சுற்றிலும் ஈரத்துணி!

தண்ணீர்!

தவழ்ந்து போனாள். மூடியைத் தள்ளினாள். கையை விட்டாள்.

தண்ணீர் இல்லை. மணல். ஈர மணல்!

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே நம்பிக்கை செத்திருக்கும். மணிமேகலை மட்டும் சிரித்தாள். உதடு வெடித்து ரத்தம் கசியச் சிரித்தாள்!

ஏனென்றால் இதே மாதிரி ஒரு பானை அவள் அம்மா வீட்டிலும் இருந்தது. ஃபிரிட்ஜ் வாங்க வழியில்லாத காலம். பானையில் ஈர மணலை நிரப்பி, நடுவில் மருந்தைப் புதைத்து, மேலே ஈரத்துணியைச் சுற்றிவிட்டால் எந்த வெயிலும் உள்ளே போகாது. ஊசி போட்டு வாழ்கிறவர்களுக்குத்தான் இந்தப் பானை தெரியும்.

மணலைத் தோண்டினாள். விரலில் ஏதோ தட்டியது.

ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா!

உள்ளே இரண்டு இன்சுலின் பாட்டில்கள். ஒன்று பாதி காலி. பெங்களூர்க் கடை ஸ்டிக்கர். தொட்டாலே விரல் குளிர்ந்தது. கூடவே ஒரு சிரிஞ்ச்... பயன்படுத்திய சிரிஞ்ச்!

"அடப்பாவி... உனக்கும் சுகரா?"

ஊருக்கெல்லாம் வெந்த சரக்கு. இவனுக்கு மட்டும் பெங்களூரிலிருந்து நல்ல சரக்கு!

புது சிரிஞ்சைப் பிரித்தாள். போட்டுக்கொண்டாள். பானையின் ஈரத்துணியைப் பிழிந்து வாயில் விட்டுக்கொண்டாள். மண்வாசம் அடித்த அந்த நாலு வாய்த் தண்ணீர் அமிர்தம்!

உடம்பு மெல்ல மெல்ல அவள் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. மூளையும் கூடவே வேலை செய்ய ஆரம்பித்தது.

மருந்தை ஏன் இங்கே புதைத்து வைத்திருக்கிறான்? வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன?

கல்யாண வீடு. நிறைய சொந்தக்காரர்கள். ஃபிரிட்ஜைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முப்பத்தெட்டு வயது மாப்பிள்ளைக்கு சுகர் என்று தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்? மறைத்துத்தான் கல்யாணம் செய்கிறான்! இன்றைக்கு நலங்கு வைக்கிற ஒவ்வொருத்தியும் வாயில் இனிப்பைத் திணிப்பாள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். சாப்பிட்டே ஆகவேண்டும். சாப்பிட்டால் ஊசி போட்டே ஆகவேண்டும்.

ஊசி இங்கே இருக்கிறது!

நாளன்னிக்கு இல்லை. குப்புராஜ் இன்றைக்கே வருவான்!

வந்தான்.

வெயில் மஞ்சளாக மாறிய நேரம். கார் நின்றது. பூட்டு 'கிளிக்' என்றது. ஷட்டர் இடுப்பளவு உயர, குனிந்து உள்ளே வந்தவன், ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க அதை முழங்கால் வரைக்கும் இறக்கிவிட்டான்.

பட்டு வேட்டி. பட்டுச் சட்டை. கன்னத்தில் நலங்கு மஞ்சள். நலங்கு வைத்த மாப்பிள்ளை வெளியே தலை காட்டக் கூடாது என்பார்கள். இவன் ஓடி வந்திருக்கிறான் என்றால் எவ்வளவு அவசரம்!

"டீச்சர்?"

மணிமேகலை ஷட்டருக்குப் பக்கத்தில், பெட்டிகளுக்கு நடுவே கண்ணை மூடிக் கிடந்தாள்.

"டீச்சர்... அட, அதுக்குள்ள போயிருச்சா?"

நாய் செத்துக் கிடந்தாலும் ஒரு 'த்சொ' கொட்டுவார்கள். குப்புராஜ் அதுகூடக் கொட்டவில்லை. நேரே மூலைக்குப் போனான். பானைக்குள் கையை விட்டான்.

துழாவினான். ஆழமாகத் துழாவினான். பட்டுச் சட்டையின் கை முழங்கை வரைக்கும் மணல்.

"எங்க... எங்க போச்சு?"

"தேடறது இதையாங்க மாப்பிள்ளை?"

திடுக்கிட்டுத் திரும்பினான்.

மணிமேகலை ஷட்டரை ஒட்டி நின்றிருந்தாள். இடது கையில் சோப்பு டப்பா. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அப்போதே நழுவியிருக்கலாம்; ஆனால் செல்லியைக் கொன்றவனை ஒரு முறை நேருக்கு நேர் கேட்காமல் போக மனமில்லை.

"குடுடி அதை!"

"கிட்ட வந்தே, கீழ போட்டு ஒடைச்சிருவன்."

"ஒடைச்சா உனக்கும்தான் மருந்து கெடையாது!"

"நான் போட்டுக்கிட்டன். நல்ல மருந்து. இப்பதான் தெம்பு வந்துச்சு. நீ எத்தனை லட்டு தின்னே?"

அவன் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். அவனுக்கும் தாகம்!

"ஒடைச்சுக்கோ. இவ்வளவு பெரிய ஊருல வேற மருந்து கெடைக்காதா எனக்கு? கடையில வாங்கிக்குவன்."

"எந்தக் கடையில?"

குப்புராஜ் சுற்றியிருந்த பெட்டிகளைப் பார்த்தான்.

"சொல்லு, எந்தக் கடையில? தருமபுரியிலயா? பாப்பிரெட்டிப்பட்டியிலயா? எல்லாக் கடைக்கும் உன் சரக்குதான போவுது? எது நல்லது, எது வெந்ததுன்னு உனக்கே தெரியாது!"

அவன் நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்வை.

"பெரியாஸ்பத்திரி இருக்குடி!"

"போ. பட்டு வேட்டியும் மஞ்சள் மொகமுமா போய் சுகர் வார்டு வரிசையில நில்லு. பொண்ணு வூட்டுக்காரங்க பாக்கட்டும்."

அவ்வளவுதான். குப்புராஜ் பாய்ந்தான்!

பாய்வான் என்று தெரிந்துதான் அவள் நின்றிருந்தாள். வலது கை முன்னால் வந்தது. அதில் இருந்தது ஈர மணல். ஒரு பிடி. முகத்துக்கு நேரே!

"ஆ...!"

அவன் கண்ணைப் பிடித்துக்கொண்டு தடுமாறிய அந்த ஒரு கணம் போதும். செல்லிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். பிடிக்க வருகிறவன் காலுக்குக் கீழே பாய், கோட்டைத் தொடு!

தரையோடு தரையாக விழுந்து உருண்டாள். ஷட்டருக்கு அடியில் புகுந்து வெளியே வந்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள்.

படார்!

பூட்டு சாவியோடு வளையத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினாள். திருகினாள். சாவியை உருவினாள்.

உள்ளே அவன். வெளியே அவள்!

புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. முதலில் குதித்தவன் அவள் கணவன் தமிழ்மணி. பஸ் கண்டக்டர். காக்கி யூனிபார்மைக்கூட மாற்றவில்லை.

"மேகலா! ஊசி போட்டியா?"

வேறு எதையும் கேட்கவில்லை. முதல் கேள்வி அதுதான். மணிமேகலை அவன் தோளில் சாய்ந்து விம்மிவிட்டாள்.

"போட்டுக்கிட்டன். எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"ஊசிப் பையை மறந்துட்டு பஸ் ஏறிட்டேன்னான். நீ அந்தப் பை இல்லாம பக்கத்து வூட்டுக்குக்கூடப் போவமாட்டியே! அதுவும் சேலம் பஸ்ஸாம். கண்டக்டர்கிட்டயே கதை விடறான்! அந்த ரூட்ல போற அத்தனை பேருக்கும் போன் போட்டன். எந்த வண்டியிலயும் நீ ஏறல. நீ தேடிப் போன ஏஜென்ட்டோட குடோன் எங்க இருக்குன்னு விசாரிக்கத்தான் நேரமாயிருச்சு."

இன்ஸ்பெக்டர் சசிகலா ஷட்டரைத் தட்டினார்.

"யாருய்யா உள்ள?"

"மேடம்! இந்தப் பொம்பள திருட வந்துச்சு! என்னைப் புடிச்சு அடைச்சிருச்சு! நான் கல்யாண மாப்பிள்ளைங்க! எல்லாம் நல்ல மருந்துங்க மேடம், பில்லு இருக்குது!"

சசிகலா மணிமேகலையைப் பார்த்தார். "மருந்து நல்லதா கெட்டதான்னு லேபுக்கு அனுப்பித்தாம்மா தெரியும். ரிசல்ட் வர்றதுக்குள்ள இவன் ஜாமீன்ல வந்து தேனிலவே போய்ட்டு வந்துருவான்."

"லேபு வேண்டாங்க மேடம். அவரே சொல்லுவாரு. உங்க போன்ல ரெக்கார்டு மட்டும் பண்ணுங்க."

மணிமேகலை ஷட்டரை ஒட்டி நின்று குரல் கொடுத்தாள்.

"குப்புராஜ்! நாக்கு வறண்டு போச்சா?"

உள்ளே பெட்டிகள் சரிகிற சத்தம்.

"வயித்தைப் புரட்டுதா? லட்டு வேலையைக் காட்டும். இப்ப ஊசி போட்டாகணுமே!"

"டீச்சர்... அந்த சோப்பு டப்பாவை மட்டும் உள்ள தள்ளி வுட்டுருங்க டீச்சர்..."

"எதுக்கு? உள்ளதான் பெட்டி பெட்டியா அடுக்கி வெச்சிருக்கீங்களே... எடுத்துப் போட்டுக்கங்க!"

தகரம் அதிரும்படி உள்ளே இருந்து அறைந்தான்.

"அதைப் போட்டு என்னாடி பண்றது? அது வெறும் தண்ணி! வெயில்ல வெந்த தண்ணி! தேதி போன சரக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டினதே நான்தான்! அதைப் போட்டா நான் செத்துருவன்டி!"

சசிகலா போனை அணைத்துப் பைக்குள் போட்டார். "லேபு ரிப்போர்ட்டை விடத் தெளிவா இருக்கு."

மணிமேகலையின் கண் நிறைந்தது. செத்துவிடுவோம் என்று தெரிந்ததும் இவனுக்கு உண்மை வந்தது. செல்லிக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது. அந்தத் தண்ணீரை மருந்து என்று நம்பிக்கொண்டே போனாள்.

சோப்பு டப்பாவை ஒரு நிமிடம் இறுகப் பிடித்திருந்தாள். கீழே போட்டால் போதும். ஒரே ஒரு கண்ணாடிச் சத்தம். அவ்வளவுதான்.

போடவில்லை. சசிகலாவிடம் நீட்டினாள்.

"ஜீப்புல ஏத்தறதுக்கு முன்னாடி இவனுக்கு இதைப் போட்டு வுட்டுருங்க மேடம். மருந்து இல்லாம யாரும் சாகக் கூடாது. இவனா இருந்தாலும்."

ஷட்டர் உயர்ந்தது. விலங்கு ஏறியது. காரில் கிடந்த மணிமேகலையின் பையைத் தமிழ்மணி மீட்டுக்கொண்டு வந்தான். ஊசி போட்ட கையோடு, பட்டு வேட்டி மாப்பிள்ளை ஜீப்பின் பின்சீட்டில் குனிந்து உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு செல்போன் அலறியது!

குப்புராஜிடமிருந்து பறிமுதல் செய்த போன். திரையில் 'மாமனார் மாரப்பன்'.

சசிகலா சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை மணிமேகலையிடம் நீட்டினார். அவள் வாங்கிக் காதில் வைத்தாள். பின்னணியில் நாதஸ்வரமும் மேளமும் கேட்டன. குரலில் அப்படி ஒரு பணிவு.

"மாப்பிள்ளைங்களா? இங்கதாங்க வந்தாரு... மாலையை மறந்து வெச்சிட்டு சேலம் ஜெயிலுக்கு ஜீப் ஏறிட்டாருங்க!"